விற்கும் வீட்டை ஆயத்தமாக வைத்திருத்தல்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரு செயல்களும் மனிதனுடைய பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பன என்பது அதன் கருத்து. கட்டிய வீட்டை விற்பதும் அவற்றிற்குக் குறைந்த சோதனை அன்று என்பதை, அம்முயற்சியில் இறங்கியவர்கள் நன்கு அறிவார்கள். அதிலும் குடியிருந்துகொண்டே வீட்டை விற்பவர்க்குச் சோதனை இரட்டிப்பாகிறது. ஒரு புறம் அன்றாட வாழ்க்கை நடைபெற வேண்டும். அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும், முதியோர் இளைப்பாற வேண்டும். மறுபுறம், முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நின்று, "வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்கும் வேளை எப்பொழுது வரும் என்று சொல்ல இயலாது. இவ்விரண்டையும் இணக்கி நடத்துவது எவ்வாறு என்பதைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை மனத்திற்கொண்டு இன்று ஆராய்வோம்.

நேயர்களே, நம்மவரிடையே வீடு விற்பது பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படும் செய்தி. மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, உடன்பிறந்தார்க்குள் பங்குபிரிப்பு, ஈட்டுக்கடன், கொழும்புக்கோ கடல்கடந்த நாட்டுக்கோ பெயர்ந்து சென்ற பிள்ளைகளின் அழைப்பு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். காரணம் எதுவாயினும் அதில் நாணுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாணத்தினாலேயே பலர் வீட்டை முறையாக ஆயத்தம் செய்யாமல், தரகர் வந்து கதவைத் தட்டிய பிறகு அவசர அவசரமாகத் துணிகளை அள்ளிக் கட்டிலின் கீழே தள்ளுகிறார்கள். அவசரத்தில் வீட்டின் நலன்களும் மறைந்துபோகின்றன. குறைகள் மட்டும் முன்னுக்கு வந்து நிற்கின்றன. விலைபேசும்போது விற்பவருடைய குரல் தளர்வதற்கும் இதுவே பெரிதும் காரணமாகிறது.

ஆயத்தம் என்ற சொல்லை இங்கே நாம் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டை ஆயத்தம் செய்வது வேறு. வீட்டின் குறையை மறைப்பது வேறு. வீடு எத்தகையதோ அத்தகையதாகவே அதனை வருபவர் எளிதிற் காணும்படி செய்வது ஆயத்தம். வெளிச்சம் உள்ள அறையின் சாளரத்தைத் திறந்து வைப்பது ஆயத்தம். ஓதம் பிடித்த சுவரின் முன்னே அலுமாரியை நகர்த்தி வைப்பது மறைப்பு. முன்னது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மை தரும். பின்னது இருவரையும் பின்னொரு நாளில் வழக்கறிஞரிடம் கொண்டுபோய் நிறுத்தும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேலே சொல்லப்போகும் முறைகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

திருகோணமலை நகரத்தின் இருக்கையை முதலில் நோக்குவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக எண்ணப்படும் உட்துறைமுகம் ஒரு புறமும், வங்காள விரிகுடாவின் திறந்த கடல் மறுபுறமும் இருக்க, நடுவே உள்ள ஒடுங்கிய நிலப்பகுதியில் நகரத்தின் பழைய பகுதி அமைந்திருக்கிறது. கோணேசர் கோவில் கொண்டுள்ள குன்றும், பிரெட்ரிக் கோட்டையும், துறைமுகத்தை நோக்கியுள்ள உவர்மலையும் இந்நகருக்கு அழகு தருவன. கடல் தெரியும் வீடு என்று சொன்னால் விலை கூடும் என்பது உண்மையே. ஆயினும் கடலின் காட்சி வரும் வழியே கடலின் உப்பும் வருகிறது. துறைமுகப் பகுதியில் வீடு விற்பவர் முதலாவதாக எதிர்கொள்ள வேண்டிய பொருள் இவ்வுப்பேயாகும்.

உப்பு சுவரை எவ்வாறு கெடுக்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம். நிலத்திலிருந்தோ காற்றிலிருந்தோ சுவரினுள் புகும் ஈரம், கரைந்த உப்பைத் தன்னோடு சுமந்து வருகிறது. வெயிலில் ஈரம் ஆவியாகி வெளியேற, உப்பு மட்டும் சுவரின் மேற்பரப்பில் தங்கிப் பளிங்காக உறைகிறது. உறையும்போது அது விரிவடைந்து, மேலே பூசிய சாந்தையும் வர்ணத்தையும் தள்ளுகிறது. இதனையே சுவர் உப்புப் பூத்தல் என்கிறோம். உப்போ ஈரத்தை மீண்டும் காற்றிலிருந்து இழுக்கும் இயல்புடையது. ஆதலால் உப்புப் பூத்த சுவர் மழையில்லாத நாளிலும் ஈரமாகவே காட்சி தரும். இத்தகைய சுவரின் மேல் பளபளப்பான எண்ணெய் வர்ணத்தை ஒரு பூச்சுப் பூசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. அவ்வர்ணம் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரிந்து விழும்.

செய்யவேண்டியது யாதெனில், முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும். பீலி உடைந்திருக்கலாம்; சுவரோரத்தில் மண் உயர்ந்து கிடக்கலாம்; குளியலறைக் குழாய் கசியலாம். வழி அடைபட்ட பின் சுவரை நன்றாகக் காயவிட்டு, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையினால் தட்டி அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடியும் சுவருக்குள் செல்லும். பிறகு பெயர்ந்த சாந்தைக் கொத்திப் புதிதாகப் பூசி, சுவாசிக்கும் தன்மையுடைய சுண்ணாம்பையோ அதனையொத்த பூச்சையோ இடலாம். பழைய ஓட்டு வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பே ஏற்றது.

இரும்பின் கதையும் இத்தகையதே. உப்புக்காற்றில் சாளரக் கம்பியும் படலைப் பிணைச்சலும் விரைவில் துருவேறும். கொங்கிறீட்டினுள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கொங்கிறீட்டு வெடித்துச் சிதறும். படலையும் கம்பியும் சுரண்டி வர்ணம் பூசக்கூடியவை. அவற்றை நாமே செய்துகொள்ளலாம். தூணிலும் வளையிலும் வெடிப்பு நீளவாக்கில் ஓடினால் அதனைச் சீமெந்து பூசி மூடாமல், அறிந்த ஒருவரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். வாங்க வருபவர் கேட்கும்போது, "இது சோதிக்கப்பட்டது, இன்ன வேலை செய்யப்பட்டது" என்று சொல்லக்கூடிய நிலையே விற்பவருக்கு வலிமை தரும்.

அடுத்துப் பருவகாலத்தைக் கவனிப்போம். திருகோணமலைக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையுள்ள மாரிக்காலத்தில் கிடைக்கிறது. புயல்கள் வந்து தாக்குவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே ஆகும். 1964 டிசெம்பரில் வீசிய கொடும்புயலை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 2020 டிசெம்பர் 2ஆம் நாள் புரேவி என்னும் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மாறாக, வைகாசி முதல் ஆவணி வரையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசுகிறது. அக்காலத்தில் முற்றத்துப் புழுதி வீட்டினுள் வந்து படியும். காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் எழுதலாம்.

இனி ஒரு விந்தையை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலும் கொழும்பிலும் வாழும் நம்மவர் விடுமுறை பெற்று ஊருக்கு வந்து வீடு பார்ப்பது பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். அப்பொழுது வானம் வெளுத்திருக்கும். கூரை ஒழுகுமா, முற்றத்தில் வெள்ளம் நிற்குமா என்பது ஒன்றும் தெரியாது. ஆகவே கச்சான் காலத்தில் வீடு பார்த்து முடிவு செய்பவர், தாம் வாங்கிய வீட்டின் மறுமுகத்தை மார்கழியிலேதான் காண்கிறார். விற்பவர் இதனைத் தமக்கு வாய்ப்பாகக் கருதலாகாது. வறண்ட மாதங்களிலேயே கூரை ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, பீலியில் அடைந்த சருகை வாரி, வடிகாலைத் துப்புரவாக்கி வைக்க வேண்டும். வருபவரிடம், "மாரியில் இந்த மூலையில் இவ்வளவு தண்ணீர் நிற்கும், இவ்வளவு நேரத்தில் வடிந்துவிடும்" என்று தாமாகவே சொல்லிவிட வேண்டும். அவ்வாறு சொல்பவருடைய ஏனைய சொற்களுக்கும் மதிப்பு உயர்வதை அனுபவத்திற் காணலாம்.

மழைக்காலத்தில் வீடு பார்க்க வருவோர்க்கும் ஒழுங்கு வேண்டும். வாயிலில் நல்ல சாக்கு ஒன்றும், குடை வைப்பதற்கு ஒரு வாளியும், ஈரத்துணி காயப்போடுவதற்குக் கூடத்தை விட்டு வேறோர் இடமும் இருந்தால் போதும். மழை விட்டவுடன் சாளரங்களை எதிரெதிரே திறந்து காற்றோடவிட்டால் பூஞ்சண வாடை நீங்கும். வாடையை மறைப்பதற்கென்று மிகுதியாகச் சாம்பிராணி இடுவது, எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயத்தையே எழுப்பும்.

இதுவரை கூறியவை ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள். நாள்தோறும் வீட்டை ஆயத்தமாக வைத்திருப்பதே பெரும்பாலோரைச் சோர்வடையச் செய்கிறது. வீடு விலைபோக ஒரு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அத்தனை நாளும் கண்காட்சிச்சாலை போல் வீட்டை வைத்திருக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது. இயலாததை முயன்று மனம் நொந்து, முதல் வந்தவருக்கே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு விலகியோர் உண்டு. ஆதலின், குடும்பம் தாங்கக்கூடிய ஓர் எளிய முறை வேண்டும்.

அம்முறையின் முதற்படி, பொருள்களைக் குறைத்தல். எப்படியும் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்று தெரிந்த பழைய கட்டில், உடைந்த கதிரை, பயன்படாத தகரம், கட்டுக்கட்டான பழந்தாள் ஆகியவற்றை இப்பொழுதே வேண்டியவர்க்குக் கொடுத்தோ விற்றோ விட வேண்டும். பின்னால் செய்யும் வேலையை முன்னால் செய்வதே இது. இடம் விரிந்து தெரியும்; துடைப்பதும் எளிதாகும். இரண்டாம் படி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூடியுள்ள ஒரு பெட்டியோ கூடையோ ஒதுக்குதல். யாரேனும் வருகிறார் என்றறிந்தால், அவரவர் வெளியே கிடக்கும் தம் பொருள்களை அதிலிட்டு மூடிவிடலாம். மூன்றாம் படி, வேலையைப் பங்கிடுதல். ஒருவர் படலை முதல் விறாந்தை வரை பெருக்குவார். ஒருவர் அடுப்படியில் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவார். ஒருவர் குளியலறையையும் மலசலகூடத்தையும் பார்ப்பார். சிறு பிள்ளைகள் சாளரங்களைத் திறந்து தலையணைகளை ஒழுங்குசெய்வர். நால்வர் உள்ள வீட்டில் இருபது நிமிடத்தில் இவை முடிந்துவிடும். எல்லாச் சுமையும் இல்லத்தலைவியின் தலையில் விழாதிருப்பதே இம்முறையின் பெரும் பயன்.

நான்காம் படி, நேரத்தை வரையறுத்தல். தரகரிடமும் நண்பரிடமும், "இன்ன இரண்டு நாள்களில், இன்ன வேளையில் வரலாம், ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்" என்று உறுதியாகக் கூறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறை நாளும் பலருக்கு வசதியானவை. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரையும், மாலை நான்கு மணி முதல் இருள்வதற்கு முன்பும் நல்ல வேளைகள். இரவில் வீடு காட்டுவது இரு பாலார்க்கும் நன்றன்று. இராகுகாலம் பார்த்து வருவோர் உண்டு. அவர்களுடைய வசதிக்குச் சற்று இணங்குவதில் தவறில்லை. ஆனால் பிள்ளைக்குப் பரீட்சை நடைபெறும் வாரத்திலும், வீட்டில் நோயாளி வருந்தும் நாளிலும், "இவ்வாரம் இயலாது" என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. உண்மையாக வாங்க எண்ணுபவர் ஒரு வாரம் காத்திருப்பார்.

முதியோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது ஆண்டு ஒரே மூலையில் கட்டில் போட்டுப் படுத்தவரை, வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இடம்பெயர்த்தல் கொடுமையாகும். அவருடைய அறையைத் துப்புரவாக வைத்து, இறுதியில் அவருடைய இசைவோடு காட்டலாம். வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் மரியாதையோடு நடந்துகொள்வர்.

வருபவரை வரவேற்கும் முறையிலும் கவனம் வேண்டும். திருகோணமலை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடி வாழும் மாவட்டம். நகரத்து வணிகர், கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் குடும்பத்தார், சீனன்குடாவில் வேலை பார்ப்பவர், நிலாவெளிப் பக்கத்தில் விடுதி நடத்துபவர் என எவர் வந்தாலும் ஒரே மரியாதையும் ஒரே விலையும் இருத்தல் வேண்டும். வீட்டாருள் ஒருவரே பேச வேண்டும். ஒருவர் ஒரு விலையும் மற்றவர் வேறொரு விலையும் சொல்லும் வீட்டில் வாங்குபவர் மூன்றாவதாக ஒரு விலையைச் சொல்வார். வந்தவர் குழாயைத் திறந்து பார்க்கட்டும். கதவைச் சாத்திப் பார்க்கட்டும். முற்றத்தில் நின்று தமக்குள் தனியே பேசட்டும். விடாமல் பின்தொடர்ந்து புகழ்பாடுவது அவர்களைச் சோர்வடையச் செய்யும். ஒரு குவளை தண்ணீரோ தேநீரோ கொடுத்து, கேட்டதற்கு மட்டும் விடையளித்தல் போதும்.

அதேவேளை, எச்சரிக்கையும் வேண்டும். வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்பவர் எல்லாரும் வீடு வாங்க வருபவர் அல்லர். நகைகளையும் பணத்தையும் காணி உறுதியையும் பூட்டி வைத்துவிட வேண்டும். வந்தவருடைய பெயரையும், யார் அனுப்பி வந்தார் என்பதையும், வந்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. வீட்டில் முதியவர் ஒருவரோ இளம்பெண் ஒருவரோ தனித்திருக்கும்போது எவருக்கும் கதவு திறத்தல் ஆகாது. வீடு காட்டும்போது வீட்டார் இருவராவது இருத்தல் வேண்டும்.

துறைமுகப் பகுதியில் வாங்குவோர் தவறாமற் கேட்கும் வினாக்கள் சில உண்டு. கிணற்று நீர் நன்னீரா, உவரா? கோடையில் எப்படி இருக்கும்? குழாய்நீர் எந்நேரம் வரும்? நகரத்துக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது என்பதைப் பலரும் அறிவர். ஆயினும் உங்கள் தெருவில் அதன் ஓட்டம் எத்தகையது என்பதை நீங்களே அறிவீர்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, கண்ணாடிக் குவளையில் அதன் நீரை எடுத்துக் காட்டலாம். மற்றொரு வினா, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது இவ்விடத்திற்குத் தண்ணீர் வந்ததா என்பது. அப்பேரலைக்குப் பின்னர், 2005இல், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர் வரை மறுகட்டுமானத்தைத் தடுக்கும் எல்லை முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. அந்நினைவு இன்னும் மக்கள் மனத்தில் இருக்கிறது. வந்தது என்றால் வந்தது என்றும், எந்த உயரத்திற்கு வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். அயலார் அனைவரும் அறிந்த செய்தியை மறைக்க முயல்வது வீண்.

இனி, வீட்டைப் போலவே ஆயத்தமாக இருக்க வேண்டியவை அதன் பத்திரங்கள். வீட்டைப் பார்த்து விரும்பியவர் அடுத்துக் கேட்பது உறுதியையே. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலம் வீடு ஆகியவற்றின் விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் பதிவதற்கு வழிசெய்கிறது. முன்பதிவு பெற்ற உறுதிக்கு முந்துரிமை கிடைக்கும். ஆதலால் உறுதி, அளவையாளர் வரைபடம், பதிவகத்துப் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், உள்ளூராட்சிச் சபை அங்கீகரித்த கட்டடப் படம், மின்கட்டண நீர்க்கட்டணச் சிட்டைகள் ஆகியவற்றை ஒரு கோவையில் ஒழுங்காக இட்டு வைக்க வேண்டும். காட்டுவதற்குப் பிரதிகளே போதும். மூல உறுதியை எவர் கையிலும் கொடுத்தனுப்பக் கூடாது.

காணியின் பரப்பையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர். வேலிக்குள் இருக்கும் நிலமும் வரைபடத்தில் இருக்கும் நிலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அளவையாளரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நலம். மற்றும், சில காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ நிற்பன. அத்தகையவற்றைப் பிரதேச செயலாளரின் முன்னனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. இதனை அச்சவாரம் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, விளம்பரம் செய்வதற்கு முன்னரே தெரிந்துகொள்வது அறிவுடைமை.

மறைப்பைப் பற்றி முன்னர்க் கூறியதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. நம் நாட்டில் நிலம் வீடு விற்பனைக்கு அடிப்படையாக உள்ளது உரோமன் டச்சுச் சட்டம். சாதாரணமாகப் பார்த்து அறிய முடியாத உட்குறை ஒன்று விற்ற பொருளில் இருந்தால், வாங்கியவர் விலைக்குறைப்பையோ, குறை பெரிதாயின் விற்பனையை நீக்குவதையோ கோரலாம் என்பது அச்சட்டத்தின் கொள்கை. விற்றவர் குறையை அறிந்தும் மறைத்திருந்தால் நட்டஈடும் கோரப்படும். சட்டத்தை ஒரு புறம் வைத்து, வணிகக் கண்ணோடு நோக்கினாலும் இதுவே உண்மையாகும். கூரையின் ஒரு மரத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று நீங்களே சொன்னால், வாங்குபவர் அந்த மரத்தின் விலையையும் தச்சன் கூலியையும் கணக்கிட்டு அவ்வளவை மட்டும் குறைக்கக் கேட்பார். அதனை அவரே கண்டுபிடித்தால், கண்ணுக்குத் தெரியாத எல்லா மரங்களையும் கறையான் அரித்திருக்கும் என்றெண்ணி அதற்கேற்பக் குறைப்பார். அல்லது வராமலே போய்விடுவார்.

இறுதியாக, எவரும் குடியிராத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய வீடு விற்பனைக்கு நிற்பது திருகோணமலையில் அரிதன்று. ஆளில்லாத வீடு தானாகவே கெடும். பயன்படாத மலசலகூடக் குழாயின் வளைவில் நிற்கும் நீர் வற்றிவிட்டால், கீழிருந்து கெட்ட காற்று வீடெங்கும் பரவும். வாரம் ஒரு முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது நிற்கும். அதனினும் பெரிய ஆபத்து நுளம்பு. தாங்கியிலும், பீலியிலும், முற்றத்தில் கிடக்கும் சிரட்டையிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் புது நுளம்பு பறந்துவிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். 2017இல் இலங்கை முழுவதும் டெங்கு பெருகியபோது கிண்ணியா மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறத்தலாகாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருகும் நிலையில் வளவை வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளது. உரிமையாளர் வெளியூரில் இருப்பது அயலாரின் பிள்ளையைக் காய்ச்சலினின்று காவாது. நம்பிக்கையான ஒருவரை அமர்த்தி, வாரந்தோறும் கதவு சாளரம் திறந்து, பெருக்கி, தேங்கிய நீரை அகற்றி, கறையான் புற்று ஏறுகிறதா என்று பார்த்துவரச் செய்வது கட்டாயம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீட்டின் விலையில் திரும்பி வரும்.

நேயர்களே, இத்தனை முயற்சியும் எதற்காக? நல்ல விலைக்காக என்பது உண்மையே. ஆயினும் அதனோடு முடிவதன்று. பல ஆண்டுகள் நமக்கு நிழல் தந்த வீடு, மற்றொரு குடும்பத்தின் கைக்குப் போகிறது. அக்குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பையும், சிலவேளை கடனையும் சேர்த்து நம்மிடம் தருகிறது. கிணறு எந்தச் சித்திரையில் வற்றும், எந்தச் சாளரத்தால் சாரல் அடிக்கும், ஓடு மாற்ற நல்ல கைவினையாளர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் திறப்புகளோடு கொடுத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தால், மறுபடி அத்தெருவழியே செல்லும்போது தலைகுனிந்து செல்ல வேண்டிய தேவை இராது. மாரி பெய்யும் இரவில் அவ்வீட்டில் இருப்பவர் நம்மை எவ்வாறு நினைப்பார் என்பதையும் விலையோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் நம் கடமை.